கதவை மட்டும் மூடிப் பார்க்காதீர்கள்

சுமாரான பணத்தில் பழைய ஜெர்மன் கார் வாங்க ஒன்பது படிகள்

பழைய ஜெர்மன் கார் வாங்கவேண்டும் என்று யாரும் வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. புது மாருதி பார்க்கத்தான் கிளம்புகிறார்கள். கையில் பத்து லட்சம். ஷோரூமில் அந்தப் பணத்துக்கு அடக்க ஒடுக்கமாக ஒரு கார், சீட் கவர், டாஷ்போர்டில் ஒட்ட ஒரு பிள்ளையார் எல்லாம் தருவதாகச் சொல்கிறார்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று திரும்பும் வழியில் பழைய கார் விற்கும் இடம் ஒன்று. வாசலில் கறுப்பாக, நீளமாக, கல்யாண வீட்டுப் பெரியவர் போல் ஒன்று நிற்கிறது. சும்மாதான் விலை கேட்கிறோம். அதே பத்து லட்சம்.

விற்கிறவர் கெட்டிக்காரர். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். கதவைத் திறப்பார், மூடுவார். தொப்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. நம் வீட்டுக் கார்க் கதவு எண்ணெய் டின் மூடி மாதிரி சாத்தும். இது பாட்டி வீட்டுப் பத்தாயம் மூடுகிற சத்தம். உள்ளே உட்கார்ந்து மூடிக்கொண்டால் வெளியே ஹாரன் அடிக்கிற ஜி.எஸ்.டி. ரோடு வேறு யாருடைய ஊரோ ஆகிவிடும்.

அந்தச் சத்தத்தை நான் ஒன்பதேகால் லட்சத்துக்கு வாங்கினேன். கூடவே ஒரு காரும் கொடுத்தார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கம்பெனி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் என் காதுகள் மேல்தான். அடுத்து வாங்கப்போகிற அன்பர்களுக்கு உதவட்டும் என்று, மூன்று வருடப் படிப்பைச் சுருக்கித் தருகிறேன்.

படி 1: கணக்குப் போடுங்கள்

இந்தக் கார்கள் ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டால் ஊரே ஒரே பதிலைச் சொல்லும்: "நஷ்டத்தை எல்லாம் முதல் ஓனரே ஏத்துக்கிட்டாரு சார்." பொய்யில்லை. இன்றைக்குப் புது பென்ஸ் ஈ கிளாஸ் ஏறக்குறைய 80 லட்சம். அதன் பழைய தலைமுறை, பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியது, பத்து லட்சத்துக்கு வெயிலில் நிற்கிறது. முன்பின் தெரியாத ஒரு தொழிலதிபர் நமக்காகப் பல லட்சம் இழந்திருக்கிறார். மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

ஆனால் காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதற்குள் இருக்கும் சாமான்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஹெட்லைட் தன்னை இன்னமும் பெரிய இடத்துப் பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது; ஒன்றுக்கே லட்சத்தைத் தாண்டும். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்பார்கள். அங்குசம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும், மூன்று வாரம் ஆகும், முழுப்பணமும் முன்கூட்டியே கட்டவேண்டும் என்பதெல்லாம் பழமொழியில் இல்லை.

ஆகவே விதி இது: கையில் பத்து லட்சம் இருந்தால் ஆறரை லட்சத்துக்குக் கார் பாருங்கள். மூன்றரையைத் தனிக் கணக்கில் போட்டு, பாஸ்புக்கை மனைவியிடம் கொடுங்கள். ஆறரைக்கு நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லையா? உங்கள் பட்ஜெட்டில் ஜெர்மன் கார் இல்லை என்று பொருள். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு அந்த மாருதிக்காரருக்குப் போன் போடலாம்.

நிறுத்தமாட்டீர்கள். நானும் நிறுத்தவில்லை.

படி 2: எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று சாமிகள் உண்டு. மூன்றும் வரம் தரும். ஒவ்வொன்றுக்கும் காணிக்கை வேறு.

முதலாவது பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ். 1972 முதல் இருக்கிற வம்சம். சென்னைக்காரர்களுக்கு இதன்மேல் தனிப் பாசம், ஏனென்றால் 2007 முதல் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், இது கோத்துக் கட்டப்படுகிறது. "நம்ம ஊர்ப் பிள்ளை" என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்பேர் கடையில் சொன்னால் சிரிப்பார்கள். பழைய 520டி வாங்குவதானால் என்47 என்ற டீசல் எஞ்சினைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அதன் டைமிங் செயின் எஞ்சினுக்கு முன்பக்கம் இல்லை, பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்தால் உரசுகிற சத்தம் வரும். அறுந்தால் எந்தச் சத்தமும் வராது, எஞ்சின் சத்தம் உட்பட. செயின் விலை கம்மிதான். அதைத் தொடுவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கவேண்டும். மூக்குத்தித் திருகாணியை மாற்ற முகத்தைக் கழற்றுகிற வேலை.

இந்தச் சாமிக்கு இன்னொரு குணமும் உண்டு. பேட்டரியை மாற்றினால் மட்டும் போதாது, மாற்றியதை வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கவேண்டும். கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டுப் பெரிய மாமாவுக்குத் தகவல் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அதேதான். முறைத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது மெர்சிடிஸ் பென்ஸ் ஈ கிளாஸ். ஜெர்மனியில் டாக்ஸியாகக் காலம் காலமாக ஓடுகிற வண்டி. அங்கே டாக்ஸி, இங்கே அந்தஸ்து. நடுவில் இருப்பது வெறும் கடல்தான். 1995-இல் புனேயில் கட்டத் தொடங்கிய டபிள்யூ124 மாடலை இன்றும் சிலர் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள். அவர்கள் விற்கமாட்டார்கள், நமக்குக் கிடைப்பது அதற்குப் பிறகு வந்தவை. டபிள்யூ211 என்ற மாடலின் முதல் பாதியில், அதாவது 2006 வரை, பிரேக்கை ஒரு மின்சார பம்ப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் எத்தனை தடவை பிரேக் மிதித்தீர்கள் என்று அது எண்ணிக்கொண்டே வரும். எண்ணிக்கை முடிந்ததும் "என்னை மாற்று" என்று சிவப்பு எழுத்தில் கேட்கும். தாம்பரம் முதல் பெருங்களத்தூர் வரை ஒரு மாலை வேளையில் போய்வந்தாலே அதன் ஆயுளில் ஒரு பங்கு தீர்ந்துவிடும் போலிருக்கும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள மாடலானால் காலையில் எழுந்ததும் முதலில் காரைப் பாருங்கள். ராத்திரி நின்றிருந்த கார் காலையில் குந்தியிருந்தால், காற்று கசிகிறது.

மூன்றாவது ஆடி ஏ6. உள்ளே உட்கார்ந்தால் மூன்றிலும் அழகு இதுதான். பழையவற்றில் மல்டிட்ரானிக் என்று ஒரு கியர்பாக்ஸ் உண்டு; பிற்பாடு ஆடியே அதைக் கைவிட்டது. பெற்றவர்களே கைவிட்டதை நாம் தத்தெடுப்பதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். 3.0 லிட்டர் டீசலில் செயின் பின்பக்கம். செயினை எஞ்சினுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது ஜெர்மானியருக்கு ஒரு குலவழக்கம் போலிருக்கிறது.

படி 3: விளம்பரத்தைத் தமிழில் பெயர்த்துக்கொள்ளுங்கள்

"டாக்டர் வண்டி": தமிழ்நாட்டில் விற்கப்பட்ட பழைய ஜெர்மன் கார்கள் அத்தனையும் டாக்டர் வண்டி. இருக்கிற டாக்டர்களைவிட அவை அதிகம்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பாங்க": மற்ற ஆறு நாள் ஒர்க்ஷாப்பில் இருக்கும்.

"ஏ.சி. கேஸ் மட்டும் போடணும்": கம்ப்ரசர் போய்விட்டது. கேஸ் மட்டும் போட்டால் போதுமென்றால், விற்கிறவரே போட்டிருக்கமாட்டாரா?

"சின்னதா ஒரு சென்சார் லைட் எரியும், ஓடும்": எரியும் என்பது உறுதி.

"சென்டிமென்ட்டா வச்சிருந்த வண்டி": பில் எதுவும் இல்லை.

"ஃபாரின் போறாங்க, அர்ஜென்ட்": இது சில சமயம் நிஜம். போகிற காரணமே இந்தக் கார்தானா என்று விசாரித்துக்கொள்ளவும்.

படி 4: சரியான ஆளைக் கூட்டிப்போங்கள்

மச்சானைக் கூட்டிப்போகாதீர்கள். மச்சான் கதவை மூடிப் பார்ப்பார். "மாமா, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்பார். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.

உங்களுக்குத் தேவை, இந்தக் கார்களையே பார்த்துப் பார்த்து முகத்தில் ஒரு துறவுக்களை வந்துவிட்ட மெக்கானிக். அவர் கேட்கிற இரண்டாயிரம் மூவாயிரத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் வண்டியைச் சுற்றி வருவார், கீழே படுப்பார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு "பாத்துக்கங்க சார்" என்பார். பரிசோதனை முடிந்தது. அந்த இரண்டு வார்த்தைக்கு "வேண்டாம்" என்று பொருள். நாம்தான் "பார்த்துக்கொள்ளலாம்" என்று எடுத்துக்கொள்கிறோம்.

படி 5: கேள்

ஆடி என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. கம்பெனியைத் தொடங்கிய ஆகஸ்ட் ஹோர்ஹ், முன்பு தானே தொடங்கிய கம்பெனியிலிருந்து பிரிந்து வந்தவர். சொந்தப் பெயரையே மறுபடி வைக்க முடியாமல் போயிற்று. ஜெர்மன் மொழியில் அந்தப் பெயருக்குக் "கேள்" என்று பொருள். அதையே லத்தீனில் சொன்னால் ஆடி. தமிழில் இது இன்னும் வசதி. காதால் கேட்பதும் கேள்தான், வாயால் கேட்பதும் கேள்தான். எந்த ஜெர்மன் கார் வாங்கினாலும் இரண்டையும் செய்யவேண்டும்.

காதால் கேட்பது: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குமுன் யாரோ வண்டியைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார்கள். "டீ குடிச்சிட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வாருங்கள். செயின் சத்தம் காலைத் தூக்கத்திலிருந்து எழும்போதுதான் நன்றாகக் கேட்கும். மனிதர்களின் முனகல் மாதிரி.

வாயால் கேட்பது: பில். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா? "அது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்" என்பார்கள். கம்பெனிப் புத்தகங்களிலும் அப்படி இருக்கலாம். ஆனால் 5 சீரிஸுக்கு எட்டு கியர் பெட்டியைச் செய்து கொடுக்கிற இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. லைஃப்டைம் என்றால் யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி. முதல் ஓனரின் லீஸ் காலம் ஒரு ஆயுள். அது முடிந்து மறுபிறவியில்தான் கார் நம்மிடம் வருகிறது.

எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லையா? சந்தோஷப்படாதீர்கள். சாவி போட்டவுடன் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் பிழை ஒன்றுமே இல்லாமல், ஆனால் சுயபரிசோதனைகள் "இன்னும் முடியவில்லை" என்று காட்டினால், நேற்று ராத்திரிதான் எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

மீட்டரில் 42,000 கிலோமீட்டர் என்று இருக்கும். எல்லா டாக்டர் வண்டியும் 42,000-தான் ஓடியிருக்கும். பிரேக் மிதியடியின் ரப்பரைப் பாருங்கள், ஸ்டியரிங்கின் தோலைப் பாருங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் பிறந்த டயர். 2013 கார், 42,000 கிலோமீட்டர், மூன்றாவது செட் டயர் என்றால், ஒன்று டயர் பொய் சொல்கிறது, இல்லாவிட்டால் மீட்டர். டயருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

படி 6: முகர்ந்து பாருங்கள்

சென்னையில் கார் வாங்குகிறவர் மூக்கைக் கழற்றிவைத்துவிட்டுப் போகக்கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் கப்பலாயின. அவை எல்லாம் எங்கே போயின? சில பழைய இரும்புக்குப் போயின. சில குளித்து, தலை துவட்டி, சென்ட் போட்டுக்கொண்டு, வேறு ஊரில் டாக்டர் வண்டியாக நிற்கின்றன.

உள்ளே ஏறியவுடன் மல்லிகை வாசனை தூக்கினால் கீழே இறங்கிவிடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளம் பார்த்த வண்டியானால் அடியில் சேற்றுக்கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? டிக்கியின் கம்பளத்தைத் தூக்குங்கள். இந்தக் கார்களில் மின்னணுப் பெட்டிகளைத் தரைக்குப் பக்கத்திலும் டிக்கியிலும் வைத்திருப்பார்கள். மழைத்தண்ணீர் முழங்கால் வரை வரும் என்று ஸ்டுட்கார்ட்டில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை.

படி 7: காகிதத்தையும் ஓட்டிப் பாருங்கள்

தில்லி நம்பர் வண்டி இங்கே இருப்பதைவிட இரண்டு லட்சம் குறைவாகக் கிடைக்கும். காரணம் கருணை இல்லை. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. அங்கே ஓய்வு பெற்றவர்கள் இங்கே வேலை தேடி வந்தார்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30, வங்கிக் கடன் முடிந்ததற்கு 35, அதற்கும் மேல் நம் ஊர் ஆயுள் வரி. எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த இரண்டு லட்சம் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர் என்று பாருங்கள். பதிவான தேதியிலிருந்து 15 வருடம் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். "மூணாவது ஓனர், ஆனா ரெண்டாவது ஓனர் ஓட்டவே இல்ல சார்" என்றார்கள் என்னிடம். அவர் ஏன் ஓட்டவில்லை என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

படி 8: குடும்ப வாழ்க்கைக்குத் தயாராகுங்கள்

வாங்கியாயிற்று. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. இனி மூன்று உலகங்களில் வாழவேண்டும்.

இன்சூரன்ஸ்காரர் உலகத்தில் உங்கள் கார் கிழம். வருடாவருடம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருவார். பழுது பார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், "இது இறந்துவிட்டது" என்று எழுதிவிடுவார். ஸ்பேர் கடைக்காரர் உலகத்தில் அதே கார் நேற்றுப் பிறந்தது. பம்பரும் ஹெட்லைட்டும் ரேடியேட்டரும் இன்றைய விலை. ஒருவருக்குக் கிழம், இன்னொருவருக்குக் குழந்தை. நடுத்தர வயதில் இருப்பது நீங்கள் மட்டும்தான். ஒரு மாடு குறுக்கே வந்தால் போதும், கார் காகிதத்தில் காலமாகிவிடும். மாடு நலமாக இருக்கும்.

ஒரிஜினல் விலை கேட்டு மயங்கியவர்கள் ஜி.பி. ரோட்டு ஸ்பேர் கடைகளுக்குப் போவார்கள். அங்கேயும் மயங்கியவர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள். புதுப்பேட்டையில் உங்கள் காரின் உறவினர்கள் துண்டு துண்டாகத் தொங்குவார்கள். "இது எங்கேருந்து வந்துச்சுண்ணே?" என்று கேட்காதீர்கள். வெள்ளத்திலிருந்து வந்திருக்கலாம்.

மூன்றாவது உலகம் உறவினர்களுடையது. அவர்களுக்கு நீங்கள் பணக்காரர். கோயில் கும்பாபிஷேகத்துக்கு ரசீதுப் புத்தகம் எடுத்து வருகிறவர் ஐந்நூறு என்று எழுதிக்கொண்டிருந்த கையால் ஐயாயிரம் என்று எழுதுவார். ஒன்றுவிட்ட சித்தப்பா மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கேட்பார். என் வண்டி மாப்பிள்ளையோடு பாதி ஊர்வலத்தில் நின்றது. நாதஸ்வரக்காரர் இன்னும் ஒரு கீர்த்தனை வாசித்துச் சமாளித்தார். பிறகு பங்காளிகள் தள்ளினார்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி தள்ளி ஸ்டார்ட் ஆகாது என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அன்றுமுதல் யாரும் கார் கேட்பதில்லை. பலன் என்று பார்த்தால் இது ஒன்று உண்டு.

மனைவியை மட்டும் ஏமாற்ற முடியாது. ஆறு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள், "ஏங்க, அந்த மெக்கானிக் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நம்மளக் கூப்பிட்டிருக்காரு. மொய் எவ்வளவு எழுதலாம்?" என்று கேட்டாள். பிறகு அவளே, "வேணாம், ஏற்கெனவே எழுதியாச்சு" என்றாள்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அது ஓடுகிற நாள் என்று ஒன்று வரும். விடிகாலை ஐந்து மணி, விழுப்புரம் தாண்டி, ரோடு காலி. பல இடங்களில் வேக வரம்பே இல்லாத ஜெர்மன் ஆட்டோபானுக்காகச் செய்த வண்டி அது. பெரிய எஞ்சின் வைத்தவற்றுக்கு 250 கிலோமீட்டரில் கம்பெனியே கடிவாளம் போட்டிருக்கும். நாம் சட்டப்படி நூறில்தான் போகிறோம். ஆனால் அந்த நூறில் அது மூச்சுக்கூட வாங்குவதில்லை. பின் சீட்டில் அப்பா தூங்குகிறார். ஸ்டியரிங்கில் இரண்டு விரல் போதும். மூன்று வருடத்தில் அப்படி எனக்குப் பதினோரு காலைகள் கிடைத்தன. மொத்தச் செலவைப் பதினொன்றால் வகுத்துப் பார்த்தேன். தொகையை எழுதமாட்டேன்.

படி 9: விற்றுவிடுங்கள்

போன மாதம் விற்றேன். வாங்க வந்தவர் இளைஞர், ஐ.டி. வேலை, கூடவே மச்சான். நான் விற்பவர்களின் குலத்துக்கே துரோகம் செய்வது என்று முடிவு செய்திருந்தேன். பில் கோப்பை அவர் மடியில் வைத்தேன். இரண்டு கிலோ இருக்கும். சத்தம் எங்கே வரும், எண்ணெய் எங்கே ஒழுகும், எந்த விளக்கு எரிந்தால் பயப்படவேண்டாம், எது எரிந்தால் ஆட்டோ பிடிக்கவேண்டும், எல்லாம் சொன்னேன். மேலே எழுதிய எட்டுப் படிகளையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பட்ஜெட்டைக் கேட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவைக்கச் சொன்னேன். மாருதி ஷோரூமுக்கு வழியும் சொன்னேன்.

தம்பி பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது தயங்கியபடி கேட்டார்:

"சார், கதவை இன்னொரு தடவை மூடிப் பாக்கலாமா?"